வராத புயலும் பருவக் கணக்கில் உண்டு

1876-ஆம் ஆண்டின் வடகிழக்குப் பருவத்தில் வங்காள விரிகுடா சும்மா இருக்கவில்லை. அக்டோபரில் ஒரு புயல் விசாகப்பட்டினக் கரையைத் தாக்கியது. அதே மாதம் 31-ஆம் தேதி இரவு இன்னொரு புயல் மேக்னா ஆற்றின் கழிமுகத்தில் ஏறி, இன்றைய வங்கதேசத்தின் பாரிசால், நவகாளிப் பகுதிகளில் லட்சக்கணக்கான உயிர்களை வாரிக்கொண்டு போனது. 19-ஆம் நூற்றாண்டின் புயல்களைப் பட்டியலிடும் எவரும் அந்தப் பருவத்தை இந்த இரண்டு புயல்களாலேயே அடையாளம் சொல்வார்கள். ஜவ்வாது மலையின் வடக்கு அடிவாரத்தில், கடலிலிருந்து ஏறத்தாழ 150 கிலோமீட்டர் உள்ளே இருக்கும் ஒடுகத்தூருக்கு அந்தப் பட்டியலில் இடம் கிடையாது. ஆனால் அதே பருவத்தில்தான் பாலாற்றுப் படுகை முழுவதும் வானம் பொய்த்தது. தாது வருஷப் பஞ்சம் என்று இன்றும் பேசப்படும் பேரழிவு இந்த வட்டாரத்தில் அந்த மழையின்மையோடுதான் தொடங்கியது. புயலை ஒரு கோப்பிலும் பஞ்சத்தை இன்னொரு கோப்பிலும் வைத்துப் பழகிவிட்டோம். ஒரு புயல் பருவத்தை அது தாக்கிய துறைமுகங்களைக் கொண்டு மட்டும் எடைபோடக் கூடாது, அது நீரை எங்கே கொண்டு சேர்த்தது, எங்கே சேர்க்காமல் விட்டது என்பதையும் சேர்த்தே எடைபோட வேண்டும் என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். அந்தக் கணக்கில் கரைக்கு வராத புயலும் ஒரு நிகழ்ச்சியே.

இந்தப் பிரிவினை எப்படி வந்தது என்று பார்க்க வேண்டும். புயலைப் பற்றிய முறையான அறிவு இந்தியாவில் கப்பல்களை நம்பி வளர்ந்தது. கல்கத்தாவில் இருந்த ஹென்றி பிடிங்டன் 1848-ல் வெளியிட்ட நூலில்தான் ‘சைக்ளோன்’ என்ற பெயர் நிலைபெற்றது. அந்த நூல் மாலுமிகளுக்காக எழுதப்பட்டது. அவருடைய முறை எளிமையானது, அழகானதும்கூட. புயலில் சிக்கி மீண்ட கப்பல்களின் நாட்குறிப்புகளைச் சேகரிப்பார். ஒவ்வொரு மணிக்கும் காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது, பாரமானி எவ்வளவு இறங்கியது, கப்பல் எந்த அட்சரேகையில் இருந்தது என்று தளபதி எழுதி வைத்திருப்பார். ஐந்தாறு கப்பல்களின் குறிப்புகளை ஒரே வரைபடத்தில் பொருத்தினால், காற்றுத் திசைகள் ஒரு வட்டமாகச் சேரும். வட்டத்தின் நடுவே புயலின் மையம் தெரியும். மறுநாள் குறிப்புகளைப் பொருத்தினால் மையம் எவ்வளவு நகர்ந்தது என்பதும் தெரியும். பிற்காலத்தில் ஜான் எலியட் வங்காள விரிகுடாப் புயல்களைப் பற்றி 1890-ல் எழுதிய கையேடும் மாலுமிகளின் பயன்பாட்டுக்கானதே. இந்த அறிவு எத்தனையோ கப்பல்களைக் காப்பாற்றியிருக்கிறது. அதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. ஆனால் கேள்வி கேட்டவர் மாலுமி என்பதால், பதிலும் மாலுமிக்குத் தேவையான அளவோடு நின்றுவிட்டது. மையம் கரையைத் தொட்ட இடத்தில் வரைபடத்துக் கோடும் பெரும்பாலும் முடிந்துவிடும். அதற்கு மேற்கே புயல் என்ன செய்தது என்பதைச் சொல்லக் கப்பல் ஏது?

அரசு இந்தத் துறைக்குள் வந்ததும் துறைமுகத்தின் வழியாகத்தான். 1864-ஆம் ஆண்டுப் பருவம் அதற்குக் காரணமாக அமைந்தது. அக்டோபர் 5-ஆம் தேதி கல்கத்தாவைத் தாக்கிய புயலில் சுமார் 50,000 பேர் மாண்டனர். ஒரு மாதம்கூட ஆகவில்லை, நவம்பர் 1-ஆம் தேதி மசூலிப்பட்டினத்தில் கடல் ஊருக்குள் புகுந்து சுமார் 30,000 பேரைக் கொன்றது. அடுத்த ஆண்டே கல்கத்தாத் துறைமுகத்துக்குப் புயல் எச்சரிக்கை தரும் ஏற்பாடு தொடங்கியது. 1867-ல் வங்காள அரசின் வானிலை அறிக்கையாளராக நியமிக்கப்பட்ட ஹென்றி பிளான்ஃபோர்டு, 1875-ல் இந்திய வானிலைத் துறை உருவானபோது அதன் தலைவரானார். சென்னையிலும் கதை இதே தடத்தில்தான் போனது. நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் மேலேயே 1836 அக்டோபர் 30-ஆம் தேதி ஒரு புயலின் மையம் கடந்து சென்றது, பாரமானி 28.3 அங்குலத்துக்கும் கீழே இறங்கியதை அங்கிருந்தவர்கள் குறித்து வைத்தார்கள். 1872 மே 2-ஆம் தேதிப் புயல், கடற்கரைக்கு எதிரே நங்கூரமிட்டு நின்ற கப்பல்களைக் கரையில் தூக்கிப் போட்டது; எச்சரிக்கை உரிய நேரத்தில் வரவில்லை என்று பெரிய சர்ச்சை எழுந்தது. 1881 நவம்பர் 12-ஆம் தேதி, கட்டி முடியும் நிலையில் இருந்த சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களில் அரை மைலுக்கும் மேல் பெயர்ந்து விழுந்தது. சென்னையின் புயல் வரலாறு என்று நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் இப்படிக் கப்பல், சுவர், பாரமானி பற்றிய வரலாறுதான். பாலாறு அதில் அபூர்வமாகவே தலைகாட்டுகிறது.

இப்போது 1876-க்கு வருவோம். பேக்கர்கஞ்ச் புயல் என்று பெயர் பெற்ற அந்த அக்டோபர் 31-ஆம் தேதிப் புயலில், தக்கின் ஷாபாஸ்பூர், ஹாத்தியா, சந்தீப் ஆகிய தீவுகளின் மேல் நள்ளிரவில் கடல் ஏறியது. மூழ்கி இறந்தவர்கள் சுமார் ஒரு லட்சம் பேர் என்றும், தொடர்ந்து வந்த காலராவிலும் பிற நோய்களிலும் ஏறத்தாழ அதே அளவு பேர் மடிந்தார்கள் என்றும் பொதுவாகக் கணக்கிடப்படுகிறது. விசாகப்பட்டினப் புயலையும் இதையும் சேர்த்து எலியட் எழுதிய அறிக்கை, தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த வானிலைத் துறையின் முதல் பெரிய சாதனைகளில் ஒன்று. கழிமுகத்தில் காற்று எப்படிச் சுழன்றது, கடல்மட்டம் எப்படி எழுந்தது, பௌர்ணமி ஓதம் எப்படிச் சேர்ந்துகொண்டது என்பதெல்லாம் அங்கே ஆராயப்பட்டன. அதே வாரங்களில் சென்னை மாகாணத்து மாவட்ட ஆட்சியர்கள் வருவாய் வாரியத்துக்கு வேறொரு வகைக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார்கள். மழை இல்லை, ஏரிகளில் தண்ணீர் இல்லை, தானிய விலை ஏறுகிறது, கூலிக்காரர்கள் ஊரைவிட்டுக் கிளம்புகிறார்கள் என்பதே அவற்றின் சாரம். சென்னை நகரில் அந்த ஆண்டு முழுவதும் பெய்த மழை வழக்கத்தில் பாதிக்கும் குறைவு. இந்த இரண்டு வகைக் காகிதங்களும் ஒரே கடலின் ஒரே பருவத்தைப் பற்றியவை. ஆனாலும் இரண்டையும் ஒரே மேசையில் விரித்துப் படிக்க அன்றைய நிர்வாகத்தில் யாருக்கும் அலுவல்ரீதியான காரணம் இருக்கவில்லை.

வடக்கே போன புயலுக்கும் தெற்கே பொய்த்த மழைக்கும் தொடர்பு உண்டா, அல்லது இரண்டும் ஒரே காலத்தில் நடந்ததை வைத்துக் கதை கட்டுகிறோமா என்று கேட்பது நியாயம். பருவத்தின் இயக்கத்தைப் பார்த்தால் தொடர்பு உண்டு என்பது தெரியும்; ஆனால் அதை அளவோடுதான் சொல்ல வேண்டும். அந்தமான் பக்கம் உருவாகும் தாழ்வு மண்டலம், அதன் வடக்கே உயர் அழுத்தப் பகுதி வலுவாக நின்றால் மேற்கு, வடமேற்காக நகர்ந்து தமிழகக் கரைக்கோ தென் ஆந்திரக் கரைக்கோ வரும். அந்த அழுத்தம் விட்டுக்கொடுத்தால் வடக்கே திரும்பி ஒடிசாவுக்கோ வங்காளத்துக்கோ போய்விடும். அப்படிப் போகும் புயல் கடலின் ஈரத்தைத் தன்னோடு இழுத்துச் செல்லும். தமிழகத்தின் மேல் வறண்ட வடமேற்குக் காற்று வீசும், வானம் தெளிந்து கிடக்கும். அக்டோபர் புயல்கள் வடக்கே போவது வழக்கத்துக்கு மாறானதல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். தமிழகத்துக்கு உரிய மாதம் நவம்பர். 1876-ல் வழக்கம் மீறியது, அக்டோபர் இழப்பை ஈடுகட்டும் மழை நவம்பரிலும் டிசம்பரிலும் வராமல் போனதுதான். ஆகவே பேக்கர்கஞ்ச் புயல் தமிழகத்தின் மழையைத் திருடிக்கொண்டது என்று சொல்வது மிகை. அந்தப் பருவம் முழுவதும் காற்றோட்டம் அமைந்திருந்த விதத்துக்கு மேக்னாவில் ஏறிய கடலும் பாலாற்றில் காய்ந்த மணலும் இரண்டு அடையாளங்கள் என்றுதான் சொல்ல முடியும். 1870 முதல் 1876 வரை பசிபிக் பெருங்கடலின் நடுப்பகுதி நீண்ட காலம் குளிர்ந்திருந்தது என்றும், 1877-ல் அது மிக வலுவான எல் நினோவாக மாறியது என்றும் அண்மை ஆய்வுகள் காட்டுகின்றன. பசிபிக் குளிர்ந்த ஆண்டுகளில் வடகிழக்குப் பருவம் தளர்வதும், எல் நினோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவம் தளர்வதும் பொதுவாகக் காணப்படும் போக்கு. ஒன்றை அடுத்து ஒன்று வந்ததால் இரண்டு பருவங்களும் சேர்ந்து கைவிட்டன.

இந்த வட்டாரத்துக்கு ஒரு தாழ்வு மண்டலம் என்ன தருகிறது என்பதை ஒடுகத்தூர் அருகிலிருந்து பார்ப்பது நல்லது. ஜவ்வாது மலையில் பிறந்து ஒடுகத்தூர் வழியாக இறங்கி வடக்கே பாலாற்றில் சேரும் உத்தரகாவேரி, ஆண்டில் பெரும்பகுதி வெறும் மணல். மலையில் தூறல் போட்டால் அது மண்ணோடு போய்விடும். அரை அங்குலம், முக்கால் அங்குலம் பெய்யும் கோடை இடிமழை சாமைக்கும் கேழ்வரகுக்கும் போதும், ஏரிக்குப் போதாது. மண் நிறைந்து, பாறை வழிந்து, ஓடைகள் ஒன்றுசேர்ந்து ஆறு கரை தொட்டு ஓட வேண்டுமென்றால் இரண்டு மூன்று நாள் விடாத மழை வேண்டும். அப்போதுதான் ஆற்றிலிருந்து பிரியும் கால்வாயில் நீர் ஏறும். ஒரு ஏரி நிரம்பிக் கோடி போகும். கோடி போன நீர் அடுத்த ஏரிக்குப் போகும். கலங்கலில் நீர் வழிவதைப் பார்த்த பிறகுதான் நீர்க்கட்டி மதகு திறக்கும் முறையை ஊரார் பேசுவார்கள். அதற்குப் பிறகுதான் நெல் நாற்றங்கால். அந்த இரண்டு மூன்று நாள் அடைமழையைத் தருவது பெரும்பாலும் கடலிலிருந்து கரையேறி உள்ளே நகரும் தாழ்வு மண்டலமோ வலுவிழந்த புயலோதான். ஈரக் காற்று ஜவ்வாது மலைச் சரிவில் மோதி மேலெழும்போது மழை இன்னும் கனக்கும். துறைமுகத்துக்காரர் அஞ்சுகிற அதே காற்றுச் சுழலை ஏரிக்கரைக்காரர் எதிர்பார்த்து நிற்கிறார்.

இதற்கு எதிராக ஒரு வலுவான மறுப்பு உண்டு. ஒடுகத்தூர் அடங்கிய வேலூர் வட்டாரம் தஞ்சை போலவோ நாகை போலவோ வடகிழக்குப் பருவத்தை மட்டும் நம்பியதல்ல. ஆண்டு மழையில் ஏறத்தாழ பாதி தென்மேற்குப் பருவ மாதங்களில், மாலை இடியோடு வருகிறது. அப்படியிருக்க, பஞ்சத்துக்கு வராத புயலைக் காரணம் காட்டலாமா? மழையின் மொத்த அளவை மட்டும் பார்த்தால் இந்த மறுப்பு சரியானது. ஆனால் ஏரிப் பாசனம் மொத்த அளவால் நடப்பதில்லை. ஐம்பது சிறு மழையாகப் பிரிந்து பெய்யும் 20 அங்குலமும், நான்கைந்து பெருமழையாகப் பெய்யும் 20 அங்குலமும் மழைமானியில் ஒன்றுதான்; ஏரியில் ஒன்றல்ல. முன்னது மானாவாரிப் பயிரைக் காக்கும், பின்னது ஏரியையும் கிணற்றையும் அடுத்த கோடையையும் காக்கும். 1876-ல் தென்மேற்குப் பருவமும் தக்காணத்தில் தளர்ந்திருந்தது. மானாவாரி ஏற்கெனவே போய்விட்ட நிலையில்தான் விவசாயிகள் ஐப்பசி கார்த்திகைக்காகக் காத்திருந்தார்கள். ஏரி நிரம்பியிருந்தால் ஒரு போக நெல்லாவது எடுத்திருக்கலாம். கால்நடைக்குக் குடிக்கத் தண்ணீர் கிடைத்திருக்கும். கிணறு வற்றியிருக்காது. கடைசி நம்பிக்கையாக நின்றது வடகிழக்குப் பருவம். அதனால்தான் அது பொய்த்தது அத்தனை பெரிய அடியாக விழுந்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிடக் கனமானது. தாது வருஷப் பஞ்சத்தில் மக்கள் செத்தது மழை இல்லாமல் அல்ல, அரசின் கொள்கையால் என்பது அது. தானியம் நாட்டில் முற்றிலும் இல்லாமல் போகவில்லை. விலை ஏறி, வாங்க வழியில்லாமல் போனது. 1856-லேயே ராயபுரத்திலிருந்து வாலாஜா வரை ரயில் ஓடியது. அடுத்த சில ஆண்டுகளில் அது பாலாற்றங்கரை வழியே ஆம்பூர், வாணியம்பாடி, ஜோலார்பேட்டை வரை நீண்டது. பஞ்ச காலத்தில் தானியம் இந்த வழியாக உள்ளே வந்தது. ஆனால் காசு உள்ளவர்களுக்கே வந்தது. இந்த மறுப்பை நான் முழுமையாக ஏற்கிறேன். இறப்புக்கு முதல் பொறுப்பு ஆட்சியைச் சாரும். ஆனால் இதை ஏற்பது என் வாதத்தைக் குலைக்கவில்லை, வலுப்படுத்தவே செய்கிறது. காரணம், அதே பருவத்தில் வங்காளத்தில் புயலால் செத்தவர்கள் விஷயத்திலும் இதே கேள்வி எழுகிறது. அலையில் மூழ்கியது ஒரு லட்சம் என்றால், அலை வடிந்த பிறகு கெட்ட தண்ணீர் குடித்து, காலரா கண்டு இறந்தது இன்னொரு லட்சம். இந்தப் பேரழிவைப் பற்றி 2018-ல் நூல் எழுதிய பெஞ்சமின் கிங்ஸ்பரி, பிந்தைய சாவுகளில் அரசின் பங்கை விரிவாகக் காட்டியிருக்கிறார். இரண்டு இடங்களிலும் இயற்கை தொடங்கி வைத்ததை நிர்வாகம் பெரிதாக்கியது.

இரண்டு இடங்களிலும் முடிவெடுத்தவர்களில் ஒருவர் ஒரே மனிதர் என்பதுதான் இந்தப் பருவத்தின் மிக முக்கியமான செய்தி என்று எனக்குத் தோன்றுகிறது. ரிச்சர்ட் டெம்பிள் அப்போது வங்காளத்தின் லெப்டினன்ட் கவர்னர். 1876 நவம்பரில் அவர் பேக்கர்கஞ்ச் பகுதியை நேரில் சுற்றிப் பார்த்தார். பிழைத்தவர்களிடம் தானியம் இருக்கிறது, வயலில் பயிர் மிச்சம் இருக்கிறது, பெரிய அளவில் அரசு உதவி தேவையில்லை என்ற முடிவுக்கு வந்தார். 1873–74 பிகார் வறட்சியில் தாராளமாக அரிசி இறக்குமதி செய்து சாவைத் தடுத்ததற்காக, வீண்செலவு செய்தார் என்று கடுமையாகக் கண்டிக்கப்பட்டவர் அவர். அந்தக் கண்டனம் அவருடைய மனத்தில் ஆறாமல் இருந்தது. 1877 ஜனவரியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு அவரைப் பஞ்சத் தூதராகச் சென்னை மாகாணத்துக்கு அனுப்பினார். செலவைக் குறைப்பதே அவருக்கு இடப்பட்ட பணி. நிவாரண வேலையில் மண் சுமந்த ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் மிகச் சிறிய காசும் போதும் என்று கூலியைக் குறைத்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ், உழைக்கும் உடலுக்கு இது பட்டினியே என்று எழுத்தில் எதிர்த்தார். சில மாதங்களில் அளவு திருத்தப்பட்டது. அதற்குள் முகாம்களில் பலர் எலும்புகளாகியிருந்தார்கள். இரண்டரை மாத இடைவெளியில் ஒருவரே வெள்ளத்தில் தப்பியவர்களையும் வறட்சியில் தவித்தவர்களையும் பார்த்து, இரு தரப்புக்கும் ஏறக்குறைய ஒரே பதிலைச் சொன்னார். 1876 பருவத்தை ஒற்றை நிகழ்ச்சியாகப் படிக்காத வரலாற்றில் இந்தத் தொடர்ச்சி கண்ணில் படாது.

மக்கள்தொகைக் கணக்கு இதன் அளவைக் காட்டும். 1871-ல் சுமார் 20 லட்சம் பேர் இருந்த வட ஆர்க்காடு மாவட்டத்தில் 1881-ல் சுமார் 18 லட்சம் பேர்தான் இருந்தார்கள். பக்கத்துச் சேலம் மாவட்டத்தில் 19 லட்சத்து 67 ஆயிரத்திலிருந்து 16 லட்சமாகக் குறைந்தது. பத்தாண்டில் இயல்பாகப் பெருகியிருக்க வேண்டியதையும் கூட்டினால் இழப்பு இன்னும் பெரிது. இந்த எண்கள் எல்லாம் சாவுகள் அல்ல, ஊரைவிட்டுப் போனவர்களும் இதில் உண்டு. ஆனால் போனவர்கள் ஏன் போனார்கள் என்பதும் இதே கதைதான். இந்த எண்கள் எந்தப் புயல் பட்டியலிலும் வராது.

மூன்றாவது மறுப்பு: புயல் வராததைப் பற்றி இவ்வளவு பேசுகிறோமே, வந்த புயல் இந்த வட்டாரத்துக்கு நன்மையா செய்தது? 1874-ல் பாலாறு கரை மீறிப் பெருஞ்சேதம் விளைவித்தது. 1903 நவம்பரில் மைசூர் சமஸ்தானத்துப் பகுதியில் ஏரிகள் உடைந்து, அந்த வெள்ளம் பாலாற்றில் இறங்கி வாணியம்பாடியில் சுமார் 200 பேரைக் கொன்றது. அதன் நினைவுத்தூண் அந்த ஊரில் இன்றும் நிற்கிறது. 1877 மே மாதத்தில், பஞ்சம் உச்சத்தில் இருந்தபோதே, சென்னைக் கரையில் ஒரு புயல் வந்தது. எலியட் அதற்கும் தனி அறிக்கை எழுதினார். அந்தப் புயல் பஞ்சத்தை முடிக்கவில்லை. விதை இல்லை, மாடு இல்லை, உழ ஆள் இல்லை என்ற நிலையில் காலம் தவறிப் பெய்த மழையை வைத்து என்ன செய்வது? ஆகவே புயல் வந்தால் நன்மை, வராவிட்டால் கேடு என்ற எளிய சூத்திரம் இங்கே செல்லாது. எல்லா வெள்ளத்தையும் புயலோடு முடிச்சுப் போடுவதும் தவறு. நான் சொல்ல வருவது, ஒரே பெருமழை வாழ்வாவதும் சாவாவதும் பெருமளவு ஏரிக்கரையின் நிலையைப் பொறுத்தது என்பதே. தொடர் ஏரிகளில் மேலே உள்ள ஒன்று உடைந்தால் அதன் நீர் கீழே உள்ளதை உடைக்கும். மராமத்து செய்த கரையும் தூர் வாரிய கலங்கலும் உள்ள தொடரில் அதே நீர் ஒவ்வொன்றாகத் தங்கிப் போகும். பஞ்ச விசாரணைக் கமிஷன் 1880-ல் அறிக்கை தந்த பிறகு, 1883-ல் சென்னை மாகாணத்தில் ஏரி மராமத்துத் திட்டம் தொடங்கப்பட்டது. வறட்சிக்குப் பதிலாக வந்த திட்டம் வெள்ளத்துக்கும் பதிலாக இருந்திருக்க வேண்டும். ஆனால் வெள்ளமும் வறட்சியும் வேறு வேறு கோப்புகளில் இருந்ததால், 1892-ல் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே ஏற்பட்ட ஆற்றுநீர் உடன்படிக்கையிலும் மையக் கேள்வி மேலே புதிதாகத் தேக்கினால் கீழே நீர் குறையுமே என்பதாகவே இருந்தது. பதினோரு ஆண்டுகள் கழித்து வாணியம்பாடியை அழித்தது குறைந்த நீர் அல்ல.

ஜவ்வாது மலையின் வானிலை வரலாறு எழுதப்படாமல் போனதற்கு நிர்வாக எல்லையும் ஒரு காரணம். 19-ஆம் நூற்றாண்டில் இந்த மலை மூன்று மாவட்டங்களுக்குப் பங்காகக் கிடந்தது. வேலூர், போளூர்ப் பக்கம் வட ஆர்க்காடு. திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கம் சேலம். திருவண்ணாமலைப் பக்கம் தென் ஆர்க்காடு. 1911-ல்தான் திருப்பத்தூரும் திருவண்ணாமலையும் வட ஆர்க்காட்டுக்கு வந்தன. ஒரு புயல் மலையின் மேல் பெய்த மழை, உத்தரகாவேரியாக ஒரு மாவட்டத்திலும், செய்யாறாக இன்னொன்றிலும் இறங்கும். சேதத்தை வேறு வேறு ஆட்சியர் வேறு வேறு ஆண்டறிக்கையில் எழுதுவார்கள். மழைமானிகள் தாலுகா கச்சேரிகளில் இருந்தன. மலை உச்சியில் சாமை விதைத்த மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்களில் இல்லை. காக்ஸ் 1881-ல் தொகுத்த வட ஆர்க்காடு மாவட்டக் கையேட்டையும், லெ ஃபானு 1883-ல் தொகுத்த சேலம் கையேட்டையும், வருவாய் வாரியத்தின் வரித்தள்ளுபடிக் கோப்புகளையும் ஒன்றாக வைத்து, அவற்றின் பக்கத்தில் எலியட்டின் புயல் பாதைகளையும் வைத்துப் படிப்பதுதான் செய்ய வேண்டிய வேலை. எந்த ஏரி எந்தத் தேதியில் உடைந்தது, எந்தக் கிராமத்துக்கு எந்தப் பசலியில் (வருவாய் ஆண்டில்) தீர்வை தள்ளுபடியானது என்பதெல்லாம் கப்பல் நாட்குறிப்புக்கு எந்த விதத்திலும் குறையாத சான்றுகள். நுங்கம்பாக்கத்து வானாய்வகத்தின் மரபு கொடைக்கானல் வழியாக வந்து, 1960-களின் இறுதியில் இதே ஜவ்வாது மலையின் காவலூரில் நிலைகொண்டது. 1836 புயலின் பாரமானிக் குறிப்பைத் தந்த நிறுவனத்தின் வாரிசு இந்த மலையில் விண்மீன்களைப் பார்க்கிறது. மலையின் மேல் பெய்த பழைய மழையையும் யாராவது அந்த அக்கறையோடு தேடினால் நல்லது.

இந்த வாதத்தை நம் காலத்தில் வைத்துச் சோதிக்கலாம். அண்மைப் பருவங்கள் இரண்டு அதற்கு வசதியாக அமைந்திருக்கின்றன. 2016-ல் வங்காள விரிகுடாவில் கியாந்த், நாடா, வர்தா என்று மூன்று பெயருள்ள புயல்கள் அடுத்தடுத்து வந்தன. டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா சென்னையைக் கடந்து, மரங்களை வேரோடு சாய்த்தது. புயல்களை எண்ணும் கணக்கில் அது சுறுசுறுப்பான பருவம். ஆனால் தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 140 ஆண்டுகளில் இல்லாத அளவு மோசமான பருவம் என்று சொல்லப்பட்டது, அதாவது 1876-க்குப் பிறகு. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. 2021 நவம்பர் 19-ஆம் தேதி அதிகாலையில் புதுச்சேரிக்கும் சென்னைக்கும் இடையே கரை கடந்தது வெறும் தாழ்வு மண்டலம். புயல் என்ற தகுதியைக்கூட அது எட்டவில்லை, அதற்குப் பெயரும் இல்லை. அதன் மழையில் பாலாற்றில் பல பத்தாண்டுகளாகக் காணாத வெள்ளம் வந்தது, உத்தரகாவேரியும் பெருக்கெடுத்தது. பேர்ணாம்பட்டில் வீட்டுச் சுவர் இடிந்து 9 பேர் இறந்தார்கள். காற்றின் வேகத்தை வைத்துத் தரம் பிரித்தால் வர்தா மிகப் பெரியது, 2021-ன் தாழ்வு மண்டலம் கணக்கிலேயே வராது. ஒடுகத்தூரிலிருந்து பார்த்தால் வரிசை தலைகீழாகிறது.

காற்றின் வேகம் கடற்கரைக்கு இன்றியமையாத அளவு, அதைக் கைவிடு என்று யாரும் சொல்ல முடியாது என்பார்கள். சரிதான். மசூலிப்பட்டினத்தையும் பேக்கர்கஞ்சையும் பார்த்த பிறகு அதைக் குறைத்துப் பேச மனம் வராது. வேண்டியது இரண்டாவது அளவு ஒன்று: எந்தப் படுகையில், எத்தனை நாளில், எவ்வளவு மழை, எத்தனை ஏரி நிரம்பியது, எத்தனை உடைந்தது. இன்றைய முன்னறிவிப்பு மாவட்டவாரியாக மழையையும் சொல்கிறது. ஆனால் கடந்த நூற்றாண்டுப் பருவங்களை மறுபடி தொகுக்கும் ஆய்வுகள் இன்னும் பெரும்பாலும் கப்பல் குறிப்பிலும் கடற்கரைப் பாரமானியிலும் நின்றுகொண்டு, இத்தனை புயல், இத்தனை பாதை என்று எண்ணுகின்றன. அந்த எண்ணிக்கையில் 1876 இரண்டு புயல்கள் கொண்ட ஆண்டாக இருக்கிறது. வேலூர் கச்சேரியின் மழைக் கணக்கும் வட ஆர்க்காட்டின் தள்ளுபடிப் பட்டியலும் அதன் பக்கத்தில் எழுதப்பட்டால், அந்த வரி நீளும். அக்டோபர் 31-க்குக் கீழே நவம்பரும் டிசம்பரும் வரும். அவற்றின் எதிரே, பாலாற்றுப் படுகைக்கான இடத்தில், மழை இல்லை என்பதும் ஒரு பதிவாக ஏறும்.